தப்பால்காரரின் தேயிலைப் பெட்டி

ஹட்டனில் கல்லறைக் கல் செதுக்கும் ராஜுவின் பட்டறை, பஸ் நிலையத்துக்குக் கீழே ஒரு சரிவில் இருக்கிறது. மேலே பஸ்கள் விடும் புகை, கீழே ராஜு கிளப்பும் கல்தூள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கல்லைப் பார்த்தபடி நானும் அந்தோனி அண்ணனும் நின்றுகொண்டிருந்தோம்.

கல்லின் மேல் வெள்ளைச் சோக்கில் பெரிய எழுத்தாக எழுதியிருந்தது: ‘பெரிய கங்காணி சவரிமுத்து.’

“பொறந்த தேதிய சொல்லுங்கண்ணே, எடம் விடணும்” என்றார் ராஜு, உளியால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே.

அண்ணன் என்னைப் பார்த்தார். “தங்கச்சி, நீதானே படிச்சவ. சொல்லு.”

எனக்கு எப்படித் தெரியும்? சவரிமுத்து என் அப்பாவின் தாத்தா. அந்தோனி அண்ணன் என் பெரியப்பா மகன் என்பதால் அவருக்கும் அதே உறவுதான். நாங்கள் இருவருமே அந்தப் பூட்டனைப் பார்த்ததில்லை. வட்டகொடைக்கு மேலே, ஊரார் மூங்கில் தோட்டம் என்று அழைக்கும் தேயிலைத் தோட்டத்தில், தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் கல் இல்லாத ஒரு மண்மேடு இருந்தது. அதுதான் அவர் என்று என் அப்பா காட்டியிருக்கிறார். அவ்வளவுதான்.

“ஒரு வாரம் குடுங்க. தேடிப் பாக்கிறேன்” என்றேன்.

“நவம்பர் கல்லறைத் திருநாளுக்குக் கல்லு வைக்கணும். கார்டும் அடிச்சாச்சு” என்றார் அண்ணன். சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். மினுமினுக்கும் அட்டை, தங்க எழுத்து. அதிலும் ‘பெரிய கங்காணி’.

அண்ணன் ஹட்டனில் இரும்புக் கடை வைத்திருப்பவர். ஆணி கேட்டு வருகிறவரிடமும் ஐந்து நிமிடம் குடும்பப் பெருமை பேசாமல் விடமாட்டார். அந்தக் காலத்தில் தொழிலாளர்களைக் கூட்டி வந்து மேய்த்த தலைவர்தான் பெரிய கங்காணி. கோட்டு, தலைப்பாகை, வெள்ளித் தடி என்று ஒரு படம் அண்ணனின் மனதில் இருந்தது. மகனுக்குப் பெண் பார்த்தபோது சம்பந்தி வீட்டில் அதைத்தான் முதலில் சொன்னார்.

கோயில் பதிவேட்டில் ஒரு சொல்

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய என் முதல் சைக்கிள் விவகாரத்தைப் படித்துவிட்டு, “டீச்சர், விழுந்தது எந்த வளைவில்?” என்று மூன்று பேர் கேட்டார்கள். அது எனக்கே மறந்துவிட்டது. ஆனால் இந்தத் தேடலில் நடந்தது எல்லாம் அச்சடித்த மாதிரி நினைவிருக்கிறது. அதிகக் காலமும் ஆகவில்லை.

முதலில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் பாதர் சிங்களவர், இளைஞர். தமிழை ஆசையாகப் பேசுவார், வினைச்சொற்களை மட்டும் வழியில் விட்டுவிடுவார். பழைய பதிவேடுகள் ஒரு இரும்பு அலமாரியில் இருந்தன. திறந்ததும் பூச்சிமருந்தும் பழைய மெழுகும் கலந்த வாசனை. பக்கங்கள் அப்பளம் மாதிரி. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் புரட்டினோம்.

சவரிமுத்துவின் ஞானஸ்நானம் எதிலும் இல்லை. என் தாத்தாவின் கல்யாணப் பதிவு மட்டும் கிடைத்தது. மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் சவரிமுத்து. தொழில் என்ற கட்டத்தில் அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியாரின் சாய்ந்த கையெழுத்து. பாதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கு முட்டக் குனிந்து படித்தார்.

“டீச்சர், இது ‘தப்பால்’. நம்ம தெபெல்தானே? போஸ்ட்!”

சிங்களத்தில் தபாலுக்குத் தெபெல். பாதருக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ அண்ணனின் தங்க எழுத்துக் கார்டு நினைவுக்கு வந்தது. தப்பால்காரர் என்றால் தோட்டத்திலிருந்து தினமும் டவுனுக்கு நடந்து போய், தபால் பையை வாங்கி வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகக் கடிதம் கொடுக்கும் ஆள். கங்காணிக்கும் அவருக்கும் வெகு தூரம்.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“தப்பாலா?” மறுபக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி விழும் சத்தம் கேட்டது. “யாரு, நம்ம பூட்டனா? அந்தப் பாதர மொதல்ல கண்ணாடி மாத்தச் சொல்லு.”

“கண்ணாடியக் கழட்டிட்டுத்தாண்ணே படிச்சாரு.”

“அப்ப எழுதுனவன் தப்பா எழுதியிருப்பான். நீ தேடு. கங்காணி எங்கயாவது வருவாரு.”

வெள்ளைக்காரக் கைதிகள்

இதற்கு நடுவில் ஒரு சின்னக் கிளைக்கதை. சவரிமுத்துவைப் பற்றி எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே செய்தி இது.

அவருக்குப் பத்து வயதிருக்கும்போது வட்டகொடை ஸ்டேஷனில் ஒரு ரயில் தண்ணீர் பிடிக்க நின்றதாம். பெட்டி முழுக்கத் தாடி வைத்த வெள்ளைக்காரர்கள். வாசலில் துப்பாக்கியோடு வேறு வெள்ளைக்காரர்கள். உள்ளே இருந்தவர்கள் கைதிகள். அதைப் பார்த்த சவரிமுத்து லயத்துக்கு ஓடி வந்து, “ஆத்தா, தொரையையும் புடிச்சு அடைப்பாங்களாம்!” என்று கத்தினாராம். அம்மா வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாளாம்.

இதை அப்பா சொல்லும்போதெல்லாம் யாரும் நம்பியதில்லை. இப்போது தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் 1900 வாக்கில் நடந்த போயர் யுத்தத்தில் பிடிபட்டவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றிக் கொண்டுவந்து தியத்தலாவையில் முகாம் போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் பாதை வழியாகத்தான் அவர்களுடைய ரயில் போயிருக்க வேண்டும்.

ஆக, பூட்டனுக்குப் பிறந்த தேதி கிடைக்காவிட்டாலும் பிறந்த காலம் கிடைத்துவிட்டது. அண்ணனிடம் சொன்னேன். “கைதிங்கள கல்லுல போட முடியாது” என்றார்.

சுகந்தி டீச்சரின் மாமியார்

தலவாக்கலையில் எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, சுகந்தி டீச்சர் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“மூங்கில் தோட்டத்துத் தப்பால்காரரா? எங்க அத்தை தெனமும் அவரப் பத்தித்தான் பேசுவாங்க. அவங்க பொறந்து வாழ்க்கைப்பட்டது எல்லாம் அந்தத் தோட்டம்தான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமையே வட்டகொடைக்குப் போனோம். அந்தோனி அண்ணனும் லொறியை எடுத்துக்கொண்டு வந்தார். கங்காணியை நிரூபிக்கத்தான் வந்தார். வழியெல்லாம், “அந்தம்மாவுக்கு எம்பத்தஞ்சு வயசுங்கிற. நெனப்பு சரியா இருக்குமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மீனாச்சியம்மாவுக்கு நினைவு சரியாக இருந்தது. காது மட்டும் கொஞ்சம் மந்தம். தொலைக்காட்சியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணனைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

“இந்தா! அதே மூக்கு! தப்பால்காரரு மூக்கு!”

அண்ணன் கையால் மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

“அம்மா, அவரு பெரிய கங்காணி இல்லீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“என்னா?”

“பெரிய கங்காணி!” என்று அண்ணன் கத்தினார்.

“அந்தாளா? அந்தாளு வெறும் பிசினாறி. செத்தப்ப நாலு பேரு வரல. ஒங்க பூட்டன் வேற, தம்பி. ஒக்காருங்க, சொல்றேன். சுகந்தி, பிளேன்டீ ஊத்து, இஞ்சி தட்டிப் போட்டு.”

“கடுதாசி ஒங்களுக்கு, உறை எனக்கு”

மீனாச்சியம்மா சொன்னதை முடிந்தவரை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

சவரிமுத்து முதலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நாற்பது வயதைத் தாண்டி ஒருநாள் மழையில் சரிவில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். அதன் பிறகு மலையில் நிற்க முடியவில்லை.

“காலு வலிக்குதுங்கன்னு தொரைகிட்ட போய் நின்னாராம். தொரை என்னா குடுத்தாரு தெரியுமா? தெனமும் தலவாக்கலைக்கு நடந்து போயிட்டு வர்ற வேலைய! காலு வலிக்கிறவனுக்கு!” மீனாச்சியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. “ஆனா நடந்து நடந்தே அந்தக் காலு நேராயிருச்சு.”

சிக்கல் என்னவென்றால், அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆரம்பத்தில் டவுன் போஸ்ட் மாஸ்டர் ஒவ்வொரு கடிதத்துக்கும் பெயர் சொல்லிக் கொடுப்பார். இவர் அதை வரிசையாக மனதில் வைத்துக்கொண்டு வருவார். ஒருநாள் பாலத்தில் கால் தடுக்கிக் கடிதங்கள் கலைந்துவிட்டன. அன்று கல்யாணச் செய்தி கருமாதி வீட்டுக்குப் போய்விட்டது. கருமாதி வீட்டுக்காரர்கள் பையன் யார் என்று விசாரிக்க, இந்தப் பக்கம் கல்யாண வீட்டில் ஒப்பாரி.

அதோடு அவர் முடிவெடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் கடிதத்தைக் கொடுத்து, யாராவது படித்துக் காட்டி முடிக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பார். பிறகு கையை நீட்டுவார்.

“‘கடுதாசி ஒங்களுக்கு, உறை எனக்கு’ம்பாரு. உறைய வச்சு நாங்க என்னா பண்ணப்போறோம்? அடுப்புக்குத்தான் போகும். குடுத்துருவோம்.”

அந்த உறைகளைப் பரப்பி வைத்து, பெயர் பெயராகப் பார்த்து, தமிழும் இங்கிலீஷும் கலந்து எழுத்துக் கற்றுக்கொண்டார். இது ‘பழனியாண்டி’ என்றால் இதில் வரும் ‘ப’தான் ‘பெரியசாமி’யிலும் கொம்புக்கு அடுத்து நிற்கிறது என்று அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். அவருக்குப் பள்ளிக்கூடம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

எழுத்து வந்த பிறகும் உறை வாங்குவதை விடவில்லை. தன் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் போட்டு வைத்தார். தாடி வைத்த ராஜா படம் போட்ட முத்திரைகள், அந்த ராஜா போன பிறகு தாடி இல்லாத ராஜா. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட, ஈஸ்டர் என்கிற பாஸ்கு ஞாயிற்றுக்குப் பிறகு வந்த உறைகளில், அதிகாரிகள் பிரித்துப் படித்துவிட்டுக் காகிதப் பட்டி ஒட்டி அனுப்பியவை பல. எல்லாம் பெட்டிக்குள் போயின.

அவருடைய மனைவி மரியாயிக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. பத்துக்குப் பத்தடிக் காம்பராவில் அது பாதி இடத்தைப் பிடித்திருந்தது. விறகு நனைந்த ஒரு மழை வாரத்தில் இரண்டு கைப்பிடி உறையை எடுத்து அடுப்புப் பற்ற வைத்துவிட்டாள். பூட்டன் மூன்று நாள் பேசவில்லையாம். “நாலாவது நாளு மீன் கொழம்பு வச்சா, பேசிட்டாரு” என்றார் மீனாச்சியம்மா.

பெட்டி திறந்தது

பிறகு நாடு சுதந்திரமடைந்தது. அதன் கையோடு சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த தோட்டத்து ஜனங்கள் நாங்கள் ஒரே வீச்சில் நாடற்றவர்களானோம். பிரஜாவுரிமை வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். இத்தனை ஆண்டுகள் இடைவிடாமல் இந்த மண்ணில்தான் இருந்தோம் என்று காகிதம் காட்ட வேண்டும்.

மற்றத் தோட்டங்களில் வேலைக்காரர் பெயர் எழுதும் செக்ரோல் புத்தகங்கள் இருந்தன. மூங்கில் தோட்டத்தில் அதுவும் இல்லை. அதற்கு முந்திய பெருவெள்ளத்தில் ஆபீசுக்குள் ஆறு புகுந்து புத்தகங்கள் கூழாகிவிட்டன.

“எங்க மாமனாரு பழனியாண்டி தலையில கைய வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாரு. எல்லா வீட்லயும் அப்படித்தான். அப்ப ஒங்க பூட்டன் வந்து பெட்டியத் தொறந்தாரு.”

ஒவ்வொரு உறையிலும் பெயர் இருந்தது, தோட்டத்தின் பெயர் இருந்தது. பின்பக்கம் தலவாக்கலை தபால் முத்திரை இருந்தது. அதில் தேதி இருந்தது.

பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளை மடுவத்தின் தரையில் அத்தனையையும் பரப்பினார்கள். ஒரு வாரத்துக்கு மேலாக வேலை முடிந்து வந்தவர்கள் எல்லாம் அங்கேயே கிடந்தார்கள். பூட்டன் பெயர் படிக்க, பெண்கள் குடும்பம் குடும்பமாகப் பிரித்து நூல் கட்டினார்கள். மரியாயிதான் அதிகக் கட்டுக் கட்டினாள். “ரெண்டு கையி எரிச்சேனே, அது யாரு வீட்டுதோ” என்று வாய் ஓயாமல் புலம்பிக்கொண்டே கட்டினாளாம்.

விசாரணை நுவரெலியாவில். மீனாச்சியம்மாவுக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதம்தான். “எனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. டவுன் பாக்கலாமேன்னு பின்னால போனேன்.”

அதிகாரி கோட்டுப் போட்டவர், சிரிக்காதவர். பழனியாண்டியின் கட்டைப் பிரித்து ஒவ்வொரு உறையையும் திருப்பி, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். ஆண்டு ஆண்டாக அடுக்கினார். ஓரிடத்தில் நிறுத்தினார். ஒரு வருடத்துக்கு உறை இல்லை.

“அந்த வருசம் எங்கே போனாய்?” என்று துவிபாஷி மூலம் கேட்டார்.

பழனியாண்டி சவரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். சாட்சியாக நின்ற சவரிமுத்து முன்னால் வந்தார்.

“தொரை, அது சண்டை நடந்த வருசங்க. இந்தியாவுல இருந்து கப்பலே சரியா வரல. பை காலியா வரும், காலியாவே தூக்கிட்டு வருவேன். இந்தா, அடுத்து வந்த உறைய பாருங்க, பட்டி ஒட்டியிருக்கு.”

அதிகாரி பட்டியைத் தடவிப் பார்த்தார். “ஆமாம், எங்கள் வீட்டுக்கும் அப்போது கடிதம் வரவில்லை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டாராம்.

எல்லாருக்கும் இப்படி முடியவில்லை. உறையே இல்லாதவர்கள் இருந்தார்கள். இந்தியாவில் சொந்த ஊருக்குப் போய் அதிக நாள் தங்கி வந்தவர்கள் இருந்தார்கள். பின்னாளில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டபோது அவர்களில் பலர் தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்கள் பெயர்களை மீனாச்சியம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டோம்.

கட்டைவிரல் கையெழுத்தான கதை

“சரிம்மா, பூட்டனுக்கு?” என்று கேட்டார் அண்ணன். குரல் மாறியிருந்தது. கங்காணியை அவர் எப்போதோ மறந்துவிட்டார்.

அங்கேதான் சிக்கல். சவரிமுத்துவின் அப்பா அம்மா இருவரும் இங்கேயே மண்ணானவர்கள். இந்தியாவில் அவரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. அந்தப் பெட்டியில் அத்தனை பேர் உறையும் இருந்தது, அவர் பெயருக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை.

“‘இவ்வளவு கடிதம் வைத்திருக்கிறாய், உனக்கு வந்தது எங்கே’ன்னு அதிகாரி கேட்டிருக்காரு. ‘எனக்கு யாருங்க போடப்போறா? நான் குடுக்கிறவன்’னு சொன்னாராம். வேற தேதி குடுத்து அனுப்பிட்டாங்க.”

அடுத்த நாள் பை வாங்கப் போனவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, போஸ்ட் மாஸ்டர் என்ன என்று கேட்டிருக்கிறார். அவர் சிங்களவர், ஓய்வுபெறும் வயது. இவர் சொன்னதைக் கேட்டு, “ஹரி, போ” என்று மட்டும் சொன்னாராம். ஹரி என்றால் சிங்களத்தில் சரி.

விசாரணை நாளில் போஸ்ட் மாஸ்டர் யாரும் கூப்பிடாமல் நுவரெலியாவுக்கு வந்து இறங்கினார். கையில் துணியில் கட்டிய நான்கு பெரிய புத்தகங்கள். தோட்டத்துத் தபால் பையை யார் எடுத்துப் போகிறார் என்று தினமும் பதியும் புத்தகங்கள் அவை.

பழனியாண்டியும் அன்று சாட்சி சொல்லப் போயிருந்தார். அவர் பார்த்ததைத் தீபாவளிக்குத் தீபாவளி வீட்டில் சொல்வாராம்.

முதல் புத்தகத்தில் நாளுக்கு ஒரு கட்டைவிரல் ரேகை. பக்கம் பக்கமாக நீல விரல்கள். புரட்டிக்கொண்டே போன அதிகாரி ஓரிடத்தில் நின்றார். ரேகைக்குப் பக்கத்தில் கோணலாக ஒரு ‘ச’. சில மாதங்கள் தள்ளி ‘சவ’. அதற்கப்புறம் ‘சவரி’ என்று வந்து, ‘மு’வில் பல நாள் தடுமாறி, அடித்து, திரும்ப எழுதி, ஒரு திங்கட்கிழமை முழுப் பெயர். அன்றிலிருந்து ரேகை இல்லை.

சிரிக்காத அந்த அதிகாரி, பக்கத்து அறையிலிருந்த கிளார்க்கைக் கூப்பிட்டு, “இங்கே வந்து பார்” என்று காட்டினாராம்.

மீனாச்சியம்மா பேச்சை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தார். “தம்பி ஏன் அழுவுறீங்க? நல்ல கததானே?”

“இஞ்சி காரம்மா” என்றார் அண்ணன்.

வெளியே வந்ததும் போனை எடுத்தார். “ராஜு, கல்லுல கைய வச்சிட்டியா? இல்லையா? நல்லது. கங்காணிய அழிச்சிரு. ‘பெரிய தப்பால்காரர்’னு போடு.”

“அண்ணே, பெரிய தப்பால்காரர்னு ஒரு வேலையே கிடையாது” என்றேன்.

“இனிமே இருக்கு” என்றார்.

அழைப்பிதழ்களைத் திரும்ப அச்சடிக்க நாளில்லை. ஒவ்வொன்றிலும் தங்க எழுத்தை அடித்து, பேனாவால் மாற்றி, அவரே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். சம்பந்தி வீட்டுக்கும்தான். அங்கே முழுக் கதையையும் சொல்லி, மதியச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அவருக்கு வந்தது

கல்லறைத் திருநாளன்று வெயில் அடித்தது. பாதர் கல்லை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு முடித்ததும் மேட்டுக்குக் கீழே பாய் விரித்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். கேள்விப்பட்டு வந்த மூங்கில் தோட்டத்து ஜனங்கள் நாங்கள் சமைத்ததைவிட அதிகம். அண்ணன் பதறிப்போய் லொறியை டவுனுக்கு விரட்டி, பாண் ரொட்டியும் சம்பலும் வாங்கி வரச் செய்தார்.

மீனாச்சியம்மா நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “சர்டிபிகேட்டு வந்த நாள சொன்னேனா?” என்றார். சொல்லவில்லை.

பிரஜாவுரிமைச் சான்றிதழ் தபாலில்தான் வந்தது. அரசாங்க முத்திரை போட்ட நீள உறை. மற்றக் கடிதங்களோடு அதையும் பையில் போட்டுத் தூக்கி வந்தார் சவரிமுத்து. வழியில் எடுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு லயமாகக் கொடுத்துக்கொண்டு கடைசியாகத் தன் காம்பரா வாசலுக்கு வந்தார். பையைத் தோளிலிருந்து இறக்காமல், மற்ற வீடுகளில் நிற்கிற மாதிரியே தள்ளி நின்றார்.

“சவரிமுத்து! கடுதாசி!”

மரியாயி எட்டிப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“அவரு வீட்ல இல்லீங்களே. தப்பாலுக்குப் போயிருக்காரு” என்றாள்.

லயம் முழுக்கச் சிரித்ததாம். அவர் சிரிக்கவில்லை. பையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அன்று பொழுது சாயும்வரை அதைப் பிரிக்கவே இல்லை. மேலே எழுதியிருந்த பெயரை மட்டும் எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.